சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்டவர்களின் கையில் ஸ்மார்ட்போன்

என் வயதுக்காரர் அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் உண்டு. “உந்தப் போன் அலுவலெல்லாம் எனக்கு விளங்காது, மகனைக் கேளுங்கோ.” வங்கியில் சொல்வார்கள், பிரதேச செயலகத்தில் சொல்வார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டும் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சொல்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். கரண்ட் இல்லாத ஊரில் ரேடியோவைப் பேச வைத்தவர்கள் அவர்கள்.

நான் 1976இல் கோப்பாய்ப் பக்கம் பிறந்தவள். 1990 ஜூன் மாதம் யுத்தம் மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றுபோனபோது எனக்குப் பதினான்கு வயது. அதன்பிறகு சாதாரண தரம், உயர்தரம் எல்லாமே விளக்கு வெளிச்சத்தில்தான். பொருளாதாரத் தடையால் பற்றறி வராது, பெற்றோல் வராது, மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும். அரிக்கன் லாம்பு எண்ணெய் குடிக்கும் என்பதால், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதை மண்ணெண்ணெயில் நனைத்து, சைக்கிள் வால்வுக் குழாய்க்குள் மெல்லிய திரியை விட்டு ஒரு சிக்கன விளக்குச் செய்வோம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். செத்துப்போன பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் உயிர் வாங்கினார்கள்.

இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் பின் சில்லு டைனமோவைச் சுற்றும். டைனமோ தருவது ஆறு வோல்ற். நாலு பற்றறி போடும் ரேடியோவுக்கும் வேண்டியது அதே ஆறு வோல்ற். ஆனால் டைனமோவில் வருவது திசை மாறி மாறி வரும் மின்சாரம், ரேடியோவுக்கு அது ஒத்துவராது. அதனால் பக்கத்து வீட்டு அண்ணா டயோட்டுகளை ஈயம் வைத்து ஒட்டி இடையில் பொருத்தித் தந்தார். மெதுவாகச் சுற்றினால் சத்தம் அமுங்கும், வேகமாகச் சுற்றினால் ரேடியோ எரிந்துபோகலாம். செய்தி முடியும்வரை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். என் தங்கச்சிக்கு அந்தக் கைப்பழக்கம் நன்றாக வந்தது.

இதையெல்லாம் செய்த தலைமுறைக்குத் தொழில்நுட்பம் விளங்காது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். எங்களுக்கு விளங்காமல் இருப்பது வேறு ஒன்று.

அந்தக் காலத்தில் ஒரு பொருள் பழுதானால் பழுதானதுதான். மாற்றுப் பாகம் ஓமந்தைக்கு இந்தப் பக்கம் வராது. ஆகவே வீட்டில் எந்தச் சாமானையும் தொடும் முன் ஒரு குரல் கேட்கும். “தொடாதை, பழுதாக்கிப்போடுவாய்.” அந்தக் குரல் சரியான குரல். அதனால்தான் ரேடியோ ஐந்து வருடம் தப்பியது. ஆனால் அதே குரல் இன்றைக்கும் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. கைபேசியைக் கையில் எடுத்தவுடன் விரல் நடுங்குவது அதனால்தான். கைபேசியோ தொட்டுப் பார்த்தால் மட்டுமே பழகும் சாதனம். எங்கள் பிள்ளைகள் எந்தப் பொத்தானையும் யோசிக்காமல் அமத்துகிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது மட்டும் காரணம் அல்ல, ஒரு பொருள் பழுதானால் குடும்பமே இருட்டில் இருக்கும் என்ற நிலை அவர்களுக்குத் தெரியாது.

இதை நான் உணர்ந்தது வேலைத் தலத்தில். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பேரேடும் கார்பன் தாளுமாக இருந்த அறைக்குள் 2011இல் கொம்பியூட்டர் வந்தது. பயிற்சி தர வந்த தம்பி முதல் நாளே ஒரு நல்ல காரியம் செய்தார். ஒரு பொய்க் கணக்குக் கோப்பைத் திறந்து தந்து, “அக்கா, இதை எப்படியாவது குழப்புங்கோ. என்ன செய்தாலும் பரவாயில்லை” என்றார். நாங்கள் மூன்று பேர் அன்று முழுக்க அதைக் குழப்பினோம். நிரைகளை அழித்தோம், எண்களை மாற்றினோம். பின்னோக்கிப் போகும் கட்டளையை அமத்த அமத்த எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பி வந்தது. அந்த ஒரு நாள் எனக்குப் பெரிய விடுதலை. அப்புறம் எக்செல் பழக அதிக காலம் எடுக்கவில்லை. நிரை, நிரல், கூட்டல், மீதி எல்லாம் பேரேட்டில் ஏற்கெனவே கைக்கு வந்தவை.

அன்றிலிருந்து யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: கைபேசியில் திருப்பி எடுக்க முடியாத காரியங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் அது மிகச் சின்னப் பட்டியல். காசு அனுப்புவது. குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை இன்னொருவருக்குச் சொல்வது. பிறர் பார்க்கும்படி ஒரு படத்தையோ செய்தியையோ போடுவது. ஒன்றை நிரந்தரமாக அழிப்பது. இந்த நான்கிலும் விரலை நிறுத்தி யோசியுங்கள். மற்ற எல்லா இடத்திலும் துணிந்து அமத்துங்கள், பின்னால் வந்துவிடலாம். அழிப்பதில்கூடச் சற்று இடம் இருக்கிறது. கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி எடுத்த படத்தை அழித்தால் அது 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். வட்ஸ்அப்பில் தவறான இடத்துக்குப் போன செய்தியை இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை எல்லோருக்கும் சேர்த்து நீக்கலாம். அதற்குள் வாசித்தவர் வாசித்ததுதான்.

அடுத்தது, கையைக் கொடுக்காமல் கற்பது. இதில் நான் மிகவும் கண்டிப்பு. பிள்ளைகளிடம் ஒரு சந்தேகம் கேட்டால் என்ன நடக்கும்?

“அம்மா, போனைத் தாங்கோ. ரெண்டு நிமிசத்தில செய்து தாறன்.”

“தரமாட்டன். நீ வாயால சொல்லு, நான் அமத்துறன்.”

மகளுக்கு முதலில் பொறுமை இருக்கவில்லை. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. அவள் விரல் போகும் வேகத்தை என் கண் பின்தொடர முடியாது. பார்த்துக் கற்பது வேறு, செய்து கற்பது வேறு. பெடல் சுற்றப் பழகியதும் யாரோ சுற்றுவதைப் பார்த்து அல்ல. அவள் சொல்லச் சொல்ல நான் அமத்தி, அலுவல் முடிந்ததும் ஒரு சி.ஆர். கொப்பியில் என் சொற்களில் எழுதிக்கொள்வேன். “மேலே வலது மூலையில் மூன்று புள்ளி, அதை அமத்தினால் பட்டியல் வரும், அதில் நாலாவது” என்ற மாதிரி. பக்கத்தில் திகதியும் போடுவேன். செயலிகள் அடிக்கடி தோற்றம் மாறும். ஆறு மாதம் கழித்துக் கொப்பியில் உள்ளதும் திரையில் உள்ளதும் பொருந்தாவிட்டால், திகதியைப் பார்த்தவுடன் பிழை என்னிடம் இல்லை என்று தெரிந்துவிடும். நடுவயதில் கற்கிறவர்களுக்கு இந்தத் தெளிவு மிக முக்கியம். ஒன்று சரிவராவிட்டால் உடனே தங்கள் மூளையைத்தான் சந்தேகிக்கிறார்கள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். பலர் கைபேசி விளங்கவில்லை என்று சொல்வது உண்மையில் எழுத்துத் தெரியவில்லை என்பதே. அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், கண்ணாடியையும் போடுங்கள். விரல் ரேகை இன்னொரு சிக்கல். தேங்காய் துருவி, தோட்டத்தில் களை பிடுங்கி, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த கைகளின் ரேகையைக் கைபேசி எளிதில் அடையாளம் காணாது. அதிகம் தேயாத விரலைப் பதியுங்கள், அதே விரலை இரண்டு முறை பதிந்தால் இன்னும் நல்லது. அதுவும் சரிவராவிட்டால் ஆறு இலக்கக் கடவுஎண் போதும். ஆனால் பிறந்த திகதி வேண்டாம்.

திரையின் மொழி பற்றி ஆளுக்கு ஆள் வேறு அபிப்பிராயம். நான் பழகியதை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்கு உதவி செய்கிறவர் எந்த மொழியில் வைத்திருக்கிறாரோ, திரையை அதே மொழியில் வைத்திருங்கள். கொழும்பில் இருக்கும் மகன் தொலைபேசியில் வழி சொல்லும்போது இரண்டு பேருக்கும் ஒரே சொல் தெரிய வேண்டும். எழுதுவதை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதென்றதும் இதில் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. எங்கள் காலத்துப் பெண் பிள்ளைகள் பலர் உயர்தரம் எடுத்துவிட்டுத் தட்டெழுத்து வகுப்புக்குப் போனவர்கள். ய, ள, ன, க என்று இடது கை விரல்கள் இன்றும் தானாகப் போகும். கொம்பியூட்டர் வந்தபோது எங்கள் பக்கமெல்லாம் பாமினி எழுத்துருதான். அதன் விசைகள் தட்டெழுத்துப் பொறியை ஒத்திருந்ததால் எங்களுக்குப் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை. ஆனால் பாமினியில் அடித்த கடிதத்தைக் கைபேசிக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தாறுமாறாகத் தெரியும். காரணம் எளிது. பாமினியில் நாம் அடிப்பதை இயந்திரம் ஆங்கில எழுத்தாகத்தான் சேமிக்கிறது. அதற்கு மேல் தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டுகிறது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். ஒருங்குறி, அதாவது யுனிகோட், அப்படி இல்லை. அதில் தமிழ் எழுத்துக்களுக்கு என்றே தனி எண்கள் உண்டு. எந்தக் கைபேசியிலும் தமிழாகவே தெரியும், கூகுளில் தேடினாலும் அகப்படும்.

இதைக் கேட்டுவிட்டுப் பலர், “ஐயோ, மறுபடி விசைப்பலகை பழக வேணுமே?” என்று பின்வாங்குகிறார்கள். வேண்டாம். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசை அமைப்பைத் தெரிவுசெய்து ஒருங்குறியில் அடிக்கலாம். விரல் பழையபடியே போகும், உள்ளே சேமிப்பது மட்டும் மாறும். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கள் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளை நான் அப்படித்தான் மாற்றினேன். இப்போது ஒரு தீர்மானம் எந்த ஆண்டு எடுத்தது என்று யாராவது கேட்டால், அலமாரியைத் திறக்காமல் ஒரு சொல்லைத் தேடி எடுத்துக் கொடுக்க முடிகிறது.

தட்டெழுத்துப் படிக்காதவர்களுக்குக் குரல் இருக்கிறது. கைபேசியில் ஜிபோர்ட் விசைப்பலகையில் மொழியாகத் தமிழைச் சேர்த்து, அதில் இலங்கைத் தமிழைத் தெரிவுசெய்து, மைக் படத்தை அமத்திவிட்டுப் பேசினால் எழுத்தாக வரும். எங்கள் பேச்சு வழக்கை அது எப்போதும் சரியாகப் பிடிக்காது. கொஞ்சம் செய்தி வாசிப்பது போலப் பேசினால் நன்றாக எழுதும். என் மாமியாருக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது, எழுதக் கை ஒத்துழைக்காது. கனடாவில் இருக்கும் மகளுக்கு இப்போது பக்கம் பக்கமாக அனுப்புகிறார், எல்லாம் வாயால் சொல்லி.

ஆரம்பம் எங்கே என்று கேட்டால், ஆசை இருக்கும் இடத்தில். வங்கிச் செயலியில் தொடங்காதீர்கள். பயமும் பாடமும் ஒன்றாக வந்தால் மனம் மூடிக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் சில பெண்கள் கூடுகிறோம். ஒருவர் கைபேசி பழகியது சாரிச் சட்டை வெட்டும் விதங்களை யூடியூப்பில் பார்க்க. இன்னொருவர் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வெளிநாட்டில் உள்ள தம்பிக்குப் படம் அனுப்ப. எனக்கு வாசிப்பு. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பழைய பத்திரிகைகளும் இலவசமாக இருக்கின்றன. சின்ன வயதில் கைமாறிக் கைமாறி வாசித்து, இடப்பெயர்வில் தொலைந்துபோன சஞ்சிகைகளை அதில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. பிடிஎஃப் கோப்பைத் தரவிறக்குவது, ஒரு கோப்புறைக்குள் வைப்பது, பெயர் மாற்றுவது, இவற்றையெல்லாம் அந்த ஆசையால்தான் படித்தேன். பிறகு வங்கிச் செயலி வந்தபோது அது பெரிய மலையாகத் தெரியவில்லை.

பழைய காலத்தில் இருந்து நாங்கள் விட வேண்டியது அந்தத் தொடாதே என்ற குரல். கட்டாயம் கொண்டுவர வேண்டியவையும் இருக்கின்றன.

முதலாவது, பத்திரப்படுத்தும் பழக்கம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை தயாராக இருந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ். எங்கள் அம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டியிருந்தார். அதனால் அது தப்பியது. படங்கள் இருந்த அல்பங்கள் பாரமென்று வீட்டிலேயே கிடந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஒன்றும் இல்லை. அப்பாவின் இளவயதுப் படம் ஒன்று இன்று என்னிடம் இருப்பது, அதன் பிரதியை 1980களில் லண்டனில் இருந்த சித்தப்பாவுக்கு அனுப்பியிருந்ததால் மட்டுமே. ஒரே ஒரு இடத்தில் இருப்பதை இழப்பது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1981இல் எரிந்த பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன.

ஆகவே முக்கிய பத்திரம் ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுங்கள். கூகுள் ட்ரைவ் செயலியிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. ஒரு பிரதி கைபேசியில், ஒன்று கூகுள் கணக்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மின்னஞ்சலும் படங்களும் கோப்புகளும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அதை நிரப்புவது பெரும்பாலும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும்தான், அவற்றை அவ்வப்போது அகற்றுங்கள். இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது. ஒரு கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதையும் உள்ளே உள்ளவற்றையும் நிறுவனம் அழிக்கலாம். யாரோ திறந்து தந்த கணக்கு, கடவுச்சொல் தெரியாது, பழைய சிம் இலக்கம் இப்போது இல்லை என்ற நிலையில்தான் எங்களில் பலர் இருக்கிறார்கள். இன்றே உங்கள் கணக்கின் மின்னஞ்சல் முகவரியைக் கண்டுபிடித்து, மீட்புக்கான இலக்கம் உங்கள் இன்றைய இலக்கம்தானா என்று பாருங்கள். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டி வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. இணையத் திருடன் உங்கள் அலுமாரியைத் திறக்க வர மாட்டான். கைபேசியின் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

இரண்டாவது, செய்தியை ஒத்துப் பார்க்கும் பழக்கம். அந்த நாட்களில் ஒரு கதை வந்தால் அப்பா உடனே நம்ப மாட்டார். தமிழோசை என்ன சொல்கிறது, வெரித்தாஸ் வானொலி என்ன சொல்கிறது, கொழும்பு வானொலி என்ன சொல்கிறது என்று மூன்றையும் கேட்டுவிட்டு, ஒவ்வொருவரும் சொல்லாமல் விட்டது என்ன என்றும் யோசிப்பார். அந்த அப்பாவின் வயதுக்காரரும் பிள்ளைகளும் இன்று வட்ஸ்அப் குழுவில் வருவதை அப்படியே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் மெய்யாகவே கவலை. திகதி இருக்கிறதா, யார் சொன்னது, வேறு இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்களோடு நிற்கட்டும்.

மோசடிக்கும் இதே மருந்துதான். வெளிநாட்டில் இருந்து பார்சல் வந்திருக்கிறது, சுங்கத்தில் நிற்கிறது, வரி கட்டுங்கள் என்பார்கள். வங்கியில் இருந்து பேசுகிறோம், இப்போது வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வெளிநாட்டில் ஒருவர் இருக்கும் ஊர் இது, ஆகவே பார்சல் கதை இங்கே சுலபமாக எடுபடும். எந்த வங்கியும் அந்த இலக்கத்தைக் கேட்காது. அவசரப்படுத்துகிற அழைப்பை வையுங்கள். பிறகு வங்கி அட்டையின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். வட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். ஒருவர் உங்கள் ஆறு இலக்கத்தை எப்படியோ பெற்றாலும், நீங்கள் வைத்த கடவுஎண் இல்லாமல் கணக்கைப் பிடிக்க முடியாது. இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள். தம்பியின் குரலிலேயே காசு கேட்டு அழைப்பு வரலாம். எங்கள் குடும்பத்தில் ஒரு சொல் வைத்திருக்கிறோம், அவசரம் என்று யார் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேட்போம். புது ஆளுக்குக் காசு அனுப்பும்போது முதலில் நூறு ரூபா அனுப்பி, கிடைத்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புவது என் வழக்கம். கட்டணம் இரண்டு தடவை போகும், போகட்டும்.

மூன்றாவது, இருப்பதை வைத்துச் சமாளிக்கும் பழக்கம். 2022இல் இது நன்றாகத் தெரிந்தது. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. எங்கள் பிள்ளைகள் தவித்துப்போனார்கள், நாங்கள் பரணில் இருந்து லாம்பை இறக்கினோம். ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் வந்தது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் எல்லாம் கொடுத்து இணையத்தில் பதிந்தால் ஒரு கியூஆர் குறியீடு வரும். அதைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். ஸ்மார்ட்போன் இல்லாத தோட்டக்கார ஐயாமார் எரிபொருள் வரிசையை நினைத்துக் கலங்கிப்போய் வந்தார்கள். நான் பல பேருக்குப் பதிந்து கொடுத்தேன். குறியீட்டைத் தாளில் அச்சடித்து லமினேற் பண்ணிக் கையில் கொடுத்தவுடன் அவர்கள் முகம் தெளிந்தது. கைபேசியே தேவையில்லை, அந்த அட்டையைக் காட்டினால் போதும். அன்று ஒரு ஐயா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இந்தக் கட்டத்துக்குள்ள என்ர பேர் எங்க இருக்கு?” என்று கேட்டார். கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் எழுத்தும் எண்ணும் அடங்கியிருப்பதையும், மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் எந்தப் பக்கம் மேலே என்று கமராவுக்குக் காட்டுவதையும் சொன்னேன். உடனே விளங்கிக்கொண்டார். அவர் பழைய காலத்தில் வாட்டர் பம்ப் மெசின் திருத்தியவர். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். இங்கே அமத்து, அங்கே அமத்து என்று மட்டும் சொன்னால் அடுத்த நாள் மறந்துவிடும். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். ஏன் அமத்துகிறோம் என்று ஒரு வசனம் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் திறந்து பார்த்தோம். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் தருகிறது. விண்ணப்பக் கடிதம் எழுத, ஆங்கிலத்தில் வந்த கடிதத்தின் சாரம் அறிய, மருந்துச் சீட்டில் உள்ள சொல்லை விளங்கிக்கொள்ள உதவியாக இருக்கிறது. தெரியாததையும் தெரிந்தது போல அழகாகச் சொல்லும் குணம் அதற்கு உண்டு. ஆகவே ஊர்ப் பெயர், ஆண்டு, சட்டம், மருந்தின் அளவு எதையும் அது சொன்னதாக அப்படியே எடுக்காதீர்கள். மற்றவர்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இவற்றை அதற்குள் போடுவதில்லை என்று நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம்.

பிள்ளைகளைவிட ஒத்த வயதுக்காரரிடம் கற்பது சுலபம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நேற்றுப் பழகிய ஒருவருக்குத்தான் இன்று பழகுகிறவர் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார் என்று தெரியும். எங்கள் கூட்டத்துக்கு ஆசிரியர் கிடையாது. கரும்பலகை, சனசமூக நிலையத்து வைஃபை, ஒரு போத்தல் தேநீர். இந்த மாதம் எல்லோருடைய கைபேசியிலும் அவசர இலக்கங்களைப் பெயரோடு சேமித்தோம்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அரசாங்கத் தகவல் நிலையம் 1919, விவசாய ஆலோசனை 1920, இணைய மோசடி முறைப்பாட்டுக்கு இலங்கை சேர்ட் 101. அடுத்த மாதம் காணி உறுதிகளை ஸ்கேன் செய்யப் போகிறோம். வருகிறவர்கள் உறுதியை மடிக்காமல், ஒரு கடின அட்டைக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும்.